முடிவு பிரமாதம்

"கதை வந்துடுச்சு" என்றான் ஆந்தை.

லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். லிஃப்ட் மெக்கானிக் வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்லாமல் நிறுத்தினான்.

ஞாயிறு காலைகளில் லாண்டரியின் பின்அறையில் கூடும் எழுத்தாளர் சங்கம் இவ்வளவுதான். தொங்கும் துணிகளை ஓரமாக ஒதுக்கினால் நாலு நாற்காலி போடலாம். ஆந்தைக்கு ஒரு குடோனில் ராத்திரிக் காவல். பெயர் அதனால் வந்தது.

சங்கத்துக்கு ஒரே விதி. வருஷத்தில் ஒரு கதையாவது அச்சில் வரவேண்டும். வராதவர் நாற்காலியைக் காலி செய்யவேண்டும். ஆந்தையின் வருஷம் இன்றோடு முடிகிறது. அந்த நாற்காலிக்காகப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒரு கட்டுக் கவிதையோடு காத்திருந்தார். குடோனில் ஆந்தைக்குப் பேச்சுத்துணையாகப் பூட்டுகள்தான் உண்டு. இந்த அறையும் போனால் அவனுக்கு ஞாயிறும் ஒன்றுதான், வியாழனும் ஒன்றுதான்.

"எதுலப்பா?" என்றார் லாண்டரிக்காரர்.

"நாம கதை அனுப்பற அந்த மாசப் பத்திரிகையில. இந்த இதழ்லதான். கையோட கொண்டு வரலாம்னு பார்த்தேன் அண்ணே, கடையில தீர்ந்துபோச்சு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட இருக்கும் எழுத்தாளனிடம் 'உன் கதையை நான் படிக்கல' என்று சொல்வதும், 'உன் வீட்டுச் சாவுக்கு நான் வரல' என்று சொல்வதும் ஒன்றுதான். மூவருக்கும் அது தெரியும்.

"நான் படிச்சுட்டேனே" என்றார் லாண்டரிக்காரர். "நீயா சொல்வேன்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன்."

"நானும்தான்" என்றார் டீச்சர். "பஸ்ல படிச்சேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிட்டேன்னா பார்த்துக்குங்க."

மெக்கானிக் பிஸ்கட்டை அவசரமாக விழுங்கினான். "நான் ரெண்டு தடவை படிச்சேன்."

ஆந்தை மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எந்த இடம் பிடிச்சுது?"

லாண்டரிக்காரர் தலைக்கு மேலே தொங்கியதை ஒரு பார்வை பார்த்தார். "அந்தக் கோட்டு வர்ற இடம்."

"கோட்டா?"

"அதான்ப்பா. வெளுக்கப் போட்டவன் செத்துப்போயிட்டான். கோட்டு கடையிலேயே தொங்குது. அடடா."

"எனக்கு அவன் பொண்டாட்டி வர்ற இடம்தான்" என்றார் டீச்சர்.

"பொண்டாட்டி வந்தாளா?" என்றார் லாண்டரிக்காரர்.

"வந்தாளே அண்ணே. கோட்டை வாங்கத்தானே வந்தா. பாதியில தூங்கிட்டீங்களா?"

"வந்தா, வந்தா. வாங்கிட்டுப் போனாளே, அதைத்தான் நானும் சொல்றேன்."

மெக்கானிக் பின்தங்க விரும்பவில்லை. "போற வழியில லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாளே, அதை விட்டுட்டீங்க."

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"ரெண்டு தடவை படிச்சாத்தான் அந்த இடம் புரியும்" என்றான்.

"லிஃப்ட்ல கூட யாரு இருந்தா?" ஆந்தை கேட்டான்.

"நீதானடா எழுதினே."

"உனக்கு எப்படிப் புரிஞ்சுதுன்னு கேக்கறேன்."

மெக்கானிக் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தான். "இன்னொரு பொம்பளை. கோட்டைப் பார்த்ததும் அவளும் அழறா. செத்தவனுக்கு அவ ரெண்டாவது குடும்பம்."

"அடப்பாவி" என்றார் டீச்சர். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இப்படித்தான் பஸ்லயும் வாய்விட்டுச் சொல்லிட்டேன்."

"முடிவு?" என்றான் ஆந்தை. "முடிவு எப்படி?"

"பிரமாதம்" என்றார்கள் மூவரும்.

"குறிப்பா?"

லாண்டரிக்காரர் துப்பறியும் கதை எழுதுகிறவர். "கோட்டுப் பையில விஷ பாட்டில் இருக்குமே, அங்க நீ நின்னுட்டேப்பா."

"விஷமா?" டீச்சர் நிமிர்ந்தார். "அண்ணே, பையில இருந்தது ரெண்டு சினிமா டிக்கெட். 'நான் இந்தப் படத்துக்குப் போகலயே'ங்கறா மூத்தவ. 'நானும் போகலயே'ங்கறா இளையவ. அப்பத்தான் லிஃப்ட் கதவு திறக்குது."

இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்றது.

"ஆமாமா, டிக்கெட்தான்" என்றார் லாண்டரிக்காரர் மெதுவாக. "என் புத்திக்கு அது விஷமா நின்னுபோச்சு." எழுந்து வந்து ஆந்தையின் தோளைத் தட்டினார். "உன் நாற்காலி உனக்குத்தான்ப்பா. மருந்துக்கடைக்காரர்கிட்ட அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லிடறேன்."

ஆந்தை எழுந்துவிட்டான்.

"அதுக்குள்ள கிளம்பிட்டியா? தூக்கமா?" என்றான் மெக்கானிக்.

"இல்ல. கொஞ்சம் வேலை இருக்கு."

வாசல்வரை டீச்சரும் கூட வந்தார். "தம்பி, தப்பா எடுத்துக்காதே. நடுவுல மட்டும் கொஞ்சம் இழுவை."

"சரி பண்ணிடறேன் டீச்சர்."

"அச்சுல வந்ததை எப்படிப்பா சரி பண்ணுவே?"

"புத்தகமா போடும்போது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வருஷம் முழுக்க ஒரு வரிகூட எழுத வராதவன், அவர்கள் மூவரும் படித்து முடித்துவிட்ட கதையை முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தான்.