மாஸ்டர் கையில் போன்

போன வருஷம் மழை விட்ட ஒரு சாயங்காலம், பிரார்த்தனை முடித்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் இரண்டாவது மருமகள் சொன்னது இது. அவள் ஒரு ஜிம்மில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள்.

"அத்தை, இன்னைக்கு எங்க மாஸ்டருக்கு வேலை போயிருக்கணும்," என்றுதான் ஆரம்பித்தாள்.

மாஸ்டர் என்றால் அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவன்; பெரிய ஆள் இல்லை. என் கடைசி மகன் வயசுதான்.

அவனிடம் பயிற்சிக்கு ஒரு அம்மா வருகிறார். கனத்த உடம்பு, முழங்கால் வலி. நாற்காலியிலிருந்து எழ மகள் கை கொடுக்க வேண்டும். "கை ஊன்றாமல் எழுந்து பழகுங்கள், இல்லாவிட்டால் படுக்கைதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு இடத்தில் சேர்ந்து, சேர்ந்த வேகத்தில் நின்றவர். இங்கேதான் நிலைத்தார்.

அன்று மகள் சீக்கிரமே அழைத்துப்போக வந்துவிட்டாள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தவளுக்கு முகம் மாறியது.

உள்ளே அம்மா நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தான். ஆனால் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு.

அவள் கூப்பிட்டனுப்ப, ஜிம் முதலாளி வந்தார். மாஸ்டரையும் வெளியே கூப்பிட்டார்.

"எங்கம்மாவைப் பார்த்துக்கச் சொன்னா, இவர் போனைப் பார்த்துக்கறார் சார். அவங்க விழுந்தாக்கூட இவருக்குத் தெரியாது."

"ஏம்ப்பா, போன மாசம்தானே சொன்னேன்? இன்னொரு புகார் வந்தா மறுநாள் வராதேன்னு."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார். அம்மா காதுல விழும்."

"அவங்களை அம்போன்னு விட்டுட்டு, அவங்க காதுக்கு மட்டும் கவலையா? அப்படி என்னதான் பார்க்கறே, கொடு பார்ப்போம்."

முதலாளி போனை வாங்கிப் பொத்தானை அழுத்தினார். இருட்டு. மறுபடி அழுத்தினார். இருட்டுதான்.

"சார்ஜ் போயிடுச்சா?"

"இல்ல சார். அணைச்சுதான் வச்சிருக்கேன்."

"அணைச்ச போன்ல என்னய்யா பார்த்தே?"

மாஸ்டர் அந்த மகளைக் கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, போனைத் திரும்ப வாங்கி அவள் கண்ணுக்கு நேரே பிடித்தான்.

கறுத்த திரையில் உள்ளறை அப்படியே தெரிந்தது. நடுவில் அம்மா. சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து, மெல்ல எழுந்து நின்றார். யாருடைய கையும் இல்லாமல்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேரா பார்த்தா அம்மா சேலையை இழுத்து விட்டுக்கறாங்க, மூச்சைப் பிடிச்சுக்கறாங்கக்கா. மூச்சைப் பிடிச்சா ரத்தக் கொதிப்பு ஏறும். அப்புறம் 'நாளைக்குப் பார்க்கலாம்'னு உட்கார்ந்துடுவாங்க. ஒரு நாள் போன் வந்து திரும்பி நின்னேன். பின்னால அவங்களா எழுந்திருக்கற சத்தம் கேட்டுச்சு. அன்னையிலேர்ந்து இப்படித்தான்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே தம்பி."

"நீங்க அவங்ககிட்ட சொல்லிட்டா? சொல்லிடாதீங்கக்கா. நான் பார்க்கறேன்னு தெரிஞ்சா நாளையிலேர்ந்து வர மாட்டாங்க."

முதலாளி மறுபடி போனை வாங்கித் தன் சட்டையில் நன்றாகத் துடைத்து மாஸ்டரிடம் நீட்டினார்.

"என் கைரேகை பட்டிருக்கு. சரியாத் தெரியாது, பாரு."

மகள் வண்டி எடுக்கப் போனாள். அம்மா மெல்ல நடந்து வரவேற்பு மேஜைக்கு வந்து, என் மருமகள் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலம்மா. எதுக்குக் கேட்கறீங்க?"

"என் பொண்ணு அவசரக்காரி. போனைப் பார்த்தான்னு குதிச்சிருப்பா. மூணு பிள்ளை வளர்த்தவ நான். போன் பார்க்கறவன் கட்டைவிரல் சும்மா இருக்குமா? இந்தத் தம்பிக்கு விரல் அசையவே அசையாது. 'இடது முட்டி உள்ள சாயுதும்மா'ன்னு மட்டும் வாய் சொல்லும். வந்த ரெண்டாவது வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

என் மருமகள் கேட்டாளாம்: "அப்ப உங்களுக்குக் கூச்சமா இல்லையாம்மா?"

"உடம்பைப் பார்க்கறவங்ககிட்டதான் கூச்சம். என் மனசைப் பார்த்தவன்கிட்ட என்ன கூச்சம்? நான் கண்டுபிடிச்சுட்டேன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். பாவம், எவ்வளவு சிரமப்பட்டுப் பார்க்காத மாதிரி இருக்கான்."

அன்று படுக்கும் முன் அந்த இரண்டு பேருக்காகவும் நான் வேண்டிக்கொண்டேன்.

அவன் இன்றைக்கும் அங்கேதான், முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறானாம். எங்கேயாவது அவனைப் பார்த்தால், அந்த அம்மாவுக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.