இரண்டாவது ஆள்

சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் டெஸ்மண்ட் ஹாட்ரிக் பக்கத்து இருக்கைப் பக்கம் சாய்ந்து, நோலீனின் தொப்பியை லேசாகச் சரிசெய்துவிட்டார். சால்வை மூக்கு வரை ஏறியிருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் சிட்னியின் ஜூலை மாதச் சூரியன் இரண்டு சின்ன வட்டங்களாகக் குளிரில் நடுங்கியது. நோலீன் அசையவில்லை.

"நீ பக்கத்துல இருந்தாப் போதும், நோலீன். தினம் இருபத்தஞ்சு நிமிஷம் மிச்சம்," என்றார் டெஸ்.

பதில் இல்லை. பச்சை விழுந்ததும் டெஸ் பறந்தார்.

தண்டவாள வேலை என்று இந்த வாரம் முழுக்க ரயில் இல்லை. ஊரே சாலைக்கு வந்துவிட்டது. வலப்பக்கத் தடங்களில் வண்டிகள் நத்தைபோல் ஊர்ந்தன. இடது ஓரத் தடம் மட்டும் காலி. உள்ளே குறைந்தது இரண்டு பேர் இருக்கும் வண்டிக்குத்தான் அதில் அனுமதி. செவ்வாய்க்கிழமையிலிருந்து டெஸ் அதில்தான் போகிறார், மாப்பிள்ளை ஊர்வலம்போல.

தனியாக உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து ஹாரனால் ஒரு பாட்டு வாசித்தார். உள்ளே வரப் பார்த்த ஒரு வேனுக்கு வழி விடாமல் முன்வண்டியின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டார். இந்த ஊரில் வழி விட்டவருக்கு ஒரு கையைத் தூக்கி நன்றி காட்டாதவரை யாரும் மன்னிப்பதில்லை. டெஸ்ஸுக்குக் கை தூக்கும் பழக்கம் கிடையாது. இண்டிகேட்டர் போடும் பழக்கமும் கிடையாது. தான் எங்கே திரும்பப் போகிறோம் என்பது தன் சொந்த விஷயம் என்பது அவர் கட்சி.

அதன் பலனாக, தப்புக்குத் தப்பு புள்ளி கழிந்து, அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் ஒரே ஒரு புள்ளிதான் மிச்சமிருந்தது. அதுவும் கழிந்தால் மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. வீடு வீடாகப் போய் நீச்சல் குளத்து மோட்டார்களைப் பழுதுபார்ப்பவருக்கு வண்டி இல்லையென்றால் தொழிலே இல்லை.

பாலத்தடியில் ஒரு நீலச் சீருடை கை காட்டியது.

டெஸ் பிரேக்கை மிதித்தார். தொடாமலே வைத்திருந்த காப்பி அவர் முழங்காலில் கொட்டியது. காலியான இன்னொரு காப்பிக் கோப்பை நோலீனின் காலடியில் உருண்டது.

கான்ஸ்டபிள் ஹத்தாத் இளம்பெண். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. டெஸ்ஸின் பக்கத்துச் சன்னல் வழியாக அவர் குனிந்து, நோலீனை நெடுநேரம் ரசித்துப் பார்த்தார்.

"பொம்மை நல்லா இருக்கு சார். முடிதான் மலிவு. பாத்தாலே சவுரின்னு தெரியுது."

"பொம்மையா? இது என் பொண்டாட்டிம்மா."

"போன வாரம் ஒருத்தர் இதையேதான் சொன்னாரு. அந்தம்மாவுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. துணிக்கடையில அவ்வளவுதான் குடுத்தாங்களாம்."

டெஸ் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நோலீனின் தோளைப் பிடித்து உலுக்கினார். தோள் போய், அதே இடத்துக்கு விறைப்பாகத் திரும்பி வந்தது.

"சரி, ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க," என்றார் கான்ஸ்டபிள்.

"பேசமாட்டா. கோவமா இருக்கா."

திங்கட்கிழமை சாயங்காலம் ரவுண்டானாவிலிருந்து வெளியே வரும்போது தான் இண்டிகேட்டர் போடவில்லை என்று நோலீன் சொன்னதையும், போட்டேன் என்று தான் சொன்னதையும், ஒத்துக்கொள்ளும்வரை வாயைத் திறக்கமாட்டேன் என்று அவள் சபதம் போட்டதையும் டெஸ் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். தான் போட்டது போட்டதுதான் என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதுவரை பிடித்த பொம்மைகளில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்ததாம், ஒன்றுக்குக் காது கேட்காதாம். கோபம் இப்போதுதான் முதல்முறை என்றார். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

பேனா தாளில் நகர ஆரம்பித்தது. டெஸ் அதையே பார்த்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நீச்சல் குளம் வற்றிப்போவதுபோல் இருந்தது.

"நோலீன்," என்றார். "ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. 'ம்'னாவது சொல்லு."

தொப்பி அசையவில்லை. பக்கத்துத் தடத்தில் அந்த வேன் மெதுவாகக் கடந்து போனது. அதன் ஓட்டுநர் டெஸ்ஸைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.

டெஸ் உடைந்துபோனார்.

"சரி. போடல. திங்கக்கிழம ரவுண்டானால நான் இண்டிகேட்டர் போடல. முப்பது வருஷமா எந்த ரவுண்டானாலயும் போட்டதில்ல. என் தப்புதான். போதுமா?"

கான்ஸ்டபிளின் பேனா நின்றது. துணிக்கடைப் பொம்மையிடம் இப்படிக் கண் கலங்கிப் பாவமன்னிப்புக் கேட்கும் மனிதரை அவர் பார்த்ததில்லை. அபராதத்தை விட்டுவிட்டு, இவரை யாராவது நல்ல டாக்டரிடம் அனுப்பலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

அப்போது சால்வை கீழே இறங்கியது.

"எல்லா ரவுண்டானாவையும் சேத்து எழுதிக்கோம்மா."