எடைக் கொட்டகையில் ஒரு சாவு

"கங்காணிக்கே கங்காணி வேஷமா? உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்காலே சோலை?"

கதாநாயகி வேஷம் போடும் சின்னமுத்து குதித்தான்.

"அழுகை நாடகம்னா அரண்மனை வேணும், ராணி வேணும். நீ என்னடான்னா எடைக் கொட்டகையில என்னைச் சாகச் சொல்லுதே. அதுவும் அந்தப் பெரியமுத்து கங்காணி கையால!"

"ராணி செத்தா நம்ம லயத்து வீடுகள்ல எவன்லே அழுவான்?" என்றான் சோலை. "புதுத் துரை முன்வரிசையில உக்காந்திருப்பாரு. தினமும் 'கொழுந்து ஈரம், கூடை கனம்'னு பாதி எடையைக் கழிக்காரே கங்காணி, அதை அப்படியே மேடையில செய்யட்டும். துரை கண்ணால பாக்கட்டும். கழிவு தன்னால நிக்கும்."

வெள்ளைக்காரத் துரை கப்பலேறி, மலையாளத் துரை வந்திருந்த வருஷம் அது. தேவிகுளத்துக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டின் கிளப் ஆண்டு விழாவுக்குச் சோலை எழுதிய நாடகம். காய்ச்சலோடு கொழுந்து கிள்ளி வருகிறாள் ஒருத்தி. கங்காணி பாதி எடையைக் கழிக்கிறார். தராசடியிலேயே மனம் உடைந்து சாகிறாள். அவ்வளவுதான் கதை.

ஒத்திகையில் பெரியமுத்து வெளுத்து வாங்கினார். வசனத்தை மறந்தாலும் கழிப்பதை மறக்கவில்லை. துரை முன்னால் மேடையேறுகிற ஆசையில் மனிதருக்கு வேறெதுவும் மண்டையில் ஓடவில்லை.

விழா அன்று நிஜத் தராசையே மேடையில் தொங்கவிட்டார்கள். சின்னமுத்து சேலையோடு இருமி இருமி வந்து கூடையை மாட்டினான்.

பெரியமுத்து தராசைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார்.

பிறகு உரக்கக் கத்தினார்: "முழு எடை! ஒரு பொட்டுக் கழிவு கிடையாது! போயிட்டு வா தாயி!"

"கழிங்க கங்காணியாரே, கழிங்க!" என்று படுதா மறைவிலிருந்து சோலை பல்லைக் கடித்தான்.

"நான் என்னைக்குலே கழிச்சேன்?" என்றார் பெரியமுத்து, துரை காதில் விழும்படி.

துரை கை தட்டினார். சோலைக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் பாழ்!

சின்னமுத்து திருதிருவென்று விழித்தான். இந்தச் சாவுக்காக ஆசை மீசையையே எடுத்தவன் அவன். சும்மா இறங்கிப் போவானா?

"ஐயோ, முழு எடையா!" என்று அலறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று விழுந்து செத்தான்.

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து நின்றே கேட்டுவிட்டார்.

"முழு எடை குடுத்தாச்சல்லோ? பின்னே எதுக்கு மரிச்சா?"

பின்வரிசையில், கொழுந்து கிள்ளுகிற பெண்களுக்கு நடுவிலிருந்து மாரித்தாய் பதில் சொன்னாள்.

"பழக்கமில்லாததைத் திடீர்னு குடுத்தா நெஞ்சு தாங்குமாய்யா?"