ஒரேயொரு கேள்வி

"அடுத்த பிள்ளை எப்ப?" மேசைக்கு அந்தப் பக்கம் மனேஜர் மாதிரி இருந்துகொண்டு தர்சிகா கேட்டாள்.

நிரோவுக்கு ஆத்திரம் வந்தது. "நாளைக்கு இறால் பக்டரியில வேலைக்குத்தானே நேர்முகம்? இதையெல்லாம் ஏன் கேக்கப்போறாங்க?"

"கேட்டாப் பதில் சொல்லோணும். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா லீவு கேப்பீங்களோ? இரவு வேலைக்கு வந்தா வீட்டில ஆர் சமைக்கிறது?"

"உனக்கென்ன விசரே? இப்பிடிக் கேட்டா நான் எழும்பி வந்திடுவன்."

"நான் எழும்பி வரேல்ல. போன கிழமை அதே மனேஜர், அதே வேலைக்கு, இவ்வளவும் கேட்டவர். எல்லாத்துக்கும் மரியாதையாப் பதில் சொன்னனான். ஏழு வருசம் இறால் துப்புரவாக்கின கையைப் பற்றி மட்டும் ஒண்டும் கேக்கேல்ல. வேலை இல்லையெண்டு அனுப்பிட்டார்."

மறுநாள் மத்தியானம், இறாலைத் தொட்டும் பார்த்திராத நிரோஜன் நேர்முகம் முடிந்து வந்தான். குசினியில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த மனைவியின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

"என்ன கேட்டவர்?" என்றாள் தர்சிகா.

"எப்ப வேலைக்கு வரலாமெண்டு மட்டும்தான்."