கடலைக் குடித்த குஞ்சு

கடற்கரை ஊரின் ஒரே குளமும் அந்தக் கோடையில் வற்றிப்போனது. அப்போதுதான் பறக்கத் தொடங்கியிருந்த மைனாக் குஞ்சு, தாகத்தில் துவண்டு கிடந்தது. எதிரே அவ்வளவு பெரிய கடல் இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியவில்லை.

தண்ணீர் தேடி அலைந்த தாய் மைனா, கரையோரக் கொட்டகையில் ஒரு குழாய் சொட்டுவதைக் கண்டு ஒரு துளி குடித்தது. தித்தித்தது!

"எங்கிருந்து வருகிறது இது?"

"கடலிலிருந்துதான்," என்றது, குழாயோடு இணைந்த உருளைக்குள் சுருண்டிருந்த வடிகட்டும் சவ்வு.

"கடல் கரிக்குமே!"

"என் துளைகள் உன் கண்ணுக்கே தெரியாது. அவற்றில் தண்ணீர் நுழையும், உப்பு நுழையாது. ஆனால் தண்ணீருக்கு உப்போடு இருக்கத்தான் ஆசை, தானாகப் பிரிந்து வராது. அதோ, அந்த பம்பு முழு பலத்தோடு தள்ளுவதால்தான் வருகிறது. உப்பு, மிச்சத் தண்ணீரோடு கடலுக்கே திரும்பிவிடும்."

விடாமல் உறுமிக்கொண்டிருந்த பம்பை மைனா வாய்பிளந்து பார்த்தது. பிறகு பறந்துபோய்க் குஞ்சை அழைத்துவந்தது.

குஞ்சு குடித்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குடித்தது.

"எவ்வளவு பெரிய குளம்மா இது?"

மைனா அலைகளின் பக்கம் திரும்பியது.

"அதோ தெரிகிறதே, அவ்வளவும்," என்றது.