பாஸாகிவிட்ட துக்கம்

ரிசல்ட் ஒட்டியிருந்த பலகையைப் பார்த்ததும் செல்வநாதன் தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். எண்ணூர் கன்டெய்னர் யார்டே அவனுக்காக உச்சுக்கொட்டியது.

"வுடு மாமு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று கூட வேலை பார்க்கும் ஃப்ரெடி தோளைத் தட்டினான்.

"இன்னாத்த பாக்கறது? பாஸாயிட்டேன்டா!"

சூப்பர்வைசர் பரீட்சையில் ஐந்து வருடம் விடாமல் ஃபெயிலானவன் அவன். சும்மா இல்லை, பாடுபட்டு ஃபெயிலானவன். இந்தத் தடவையும் சரியென்று தோன்றிய விடைகளையெல்லாம் கவனமாக ஒதுக்கிவிட்டு வேறொன்றைத்தான் குறித்திருந்தான். அதற்குத்தான் முதல் மார்க்.

சூப்பர்வைசரானால் ஃப்ரெடிக்கே மெமோ கொடுக்க வேண்டும். ஏதாவது தப்பு நடந்தால் சூப்பர்வைசரைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. இந்தப் பயத்தையெல்லாம் செல்வநாதன் வெளியே காட்டுவதில்லை. குடியிருக்கும் ராயபுரத்தில் யாராவது ஏன் இன்னும் மேலே போகவில்லை என்று கேட்டால், "என் சம்சாரம் சாதா கிளார்க்கு. நான் மேல பூட்டா அவ மனசு தாங்காது" என்பான். பெருந்தன்மையில் அவனை அடித்துக்கொள்ள ராயபுரத்தில் ஆள் கிடையாது.

நாலு வருடம் முன்னால் எதிர்வீட்டு ஜூடி பேங்க் ஆபீசரானபோதுகூட அவன் அவளுடைய புருஷனுக்காகத்தான் வருந்தினான். "பாவம் அந்தாளு! இனிமே ஒரு காபி வேணும்னாக்கூட மனு எழுதிக் குடுக்கணும்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அன்று ஸ்வீட் வாங்கி வந்திருந்த அவன் மனைவி ஐரீன், டப்பாவைப் பிரிக்காமலே உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

சாயங்காலம் ஐரீன் வேலை முடிந்து வந்ததும் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐரீனு, மனச தேத்திக்கோ. நான் சூப்பர்வைசரு ஆயிட்டேன்."

அவள் கண்ணில் நீர் முட்டியது. தான் இத்தனை வருடம் பயந்தது வீண்போகவில்லை என்று செல்வநாதன் நெகிழ்ந்துபோனான்.

"அழுவாத. நீ கிளார்க்கா இருந்தா இன்னா இப்போ? ஒன்ன நான் கொறவா நெனைக்கவே மாட்டேன்."

"அதுக்கு அழுவலய்யா. இனிமேலாச்சும் தெகிரியமா சொல்லலாமேன்னுதான்" என்று ஐரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாத்த?"

"நான் மேனேஜராயி நாலு வருஷமாவுது."