மாமியாரின் தேர்வு மோதிரம்

தேர்வாளர் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார். மாமியாரின் மோதிரமோ விரலை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. நகை செய்யும் படிப்பின் இறுதித் தேர்வு இது. செய்ததைத் தட்டில் வைத்தால்தான் தேர்ச்சி. எப்படி இருக்கிறதென்று ஒரு தடவை போட்டுப் பார்த்ததுதான் வினை. ஜன்னல் வெயிலில் வெள்ளி பல்லை இளிக்க, விரல் கத்தரிக்காயாக வீங்குகிறது. “ரம்பத்தால அறுத்துடட்டுமாடி?” என்று மாமியார் கண் கலங்க, கூடப் படிக்கும் மருமகள், மெருகேற்றிக்கொண்டிருந்த தன் மோதிரத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழுந்து வருகிறாள். “எதை அத்தை, விரலையா? வீட்ல என்னைத் திட்டும்போது நீட்டுவீங்களே, அப்படி நீட்டுங்க.” “இந்த நேரத்துல உனக்கு நக்கல் வேற!” சோப்பு நுரையைத் தடவி, கடவுளே என்று இருவரும் ஒரே மூச்சில் இழுக்க, மோதிரம் துள்ளிப் பறந்து தேர்வாளரின் காலடியில் போய் உருள்கிறது. அவர் குனிந்து எடுக்கிறார். “என்னுதுதாங்க ஐயா. பாவம், எனக்காக இவ தன் வேலையைப் பாதியில விட்டுட்டா” என்கிறார் மாமியார். தேர்வாளர் மருமகளின் மங்கிய மோதிரத்தைப் பார்க்கிறார். அவளுடைய மெருகுத் துணியைக் கண்ணால் காட்டிவிட்டுத் திரும்பி, முதல் மேசைக்கே போய், ஏற்கெனவே மதிப்பெண் போட்டுவிட்ட மோதிரத்தைக் கையிலெடுத்து, மறுபடியும் மெல்ல மெல்ல ஆராயத் தொடங்குகிறார்.